பறக்கிற படம் பற்றிப் பாப்பாவுக்கு

பீர்மேடு,
ஆடி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். மழை பிடித்ததும் அம்மாவுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. "சாரமில்ல, ஆவணி வெயில் பட்டாப் போயிரும்" என்று அவளே தனக்கு வைத்தியம் சொல்லிக்கொள்கிறாள். கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது. குட்டிக்கானத்தில் மூடுபனி இறங்கினால் பகல் பதினொரு மணிக்கே பஸ்காரன் லைட் போட்டுக்கொண்டு வருகிறான்.

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை உட்கார்ந்து கேட்டேன். போனில் பதில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய். வாத்தியாரிடம் வழக்குக்கு வந்தால் பதில் எழுத்தில்தான் வரும்.

உன் வழக்கு இதுதானே: நான் சொன்னேனே என்று ஹாஸ்டல் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு லேப்டாப்பில் 'க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' பார்த்தீர்கள். கூரைக்குக் கூரை ஆட்கள் தாவியதும் எல்லாரும் சிரித்தார்கள். மூங்கில் உச்சியில் நின்று வாள் வீசும்போது ஒருத்தி, விட்டலாச்சார்யா படத்துப் பேயே இதைவிட நன்றாகப் பறக்கும் என்றாள். பாதியில் இரண்டு பேர் தூங்கிப் போனார்கள். "இதுக்கா மாமா நாலு ஆஸ்கர்?" அதோடு, போகிற போக்கில் இன்னொன்றையும் சொன்னாய். நீ பேசுவதைக் கேட்டு அவர்கள் உன்னை 'சேச்சி' என்று கூப்பிட்டுக் கேலி செய்கிறார்களாம். அதற்குக் கடைசியில் வருகிறேன். இரண்டும் ஒரே விஷயம் என்பது என் கட்சி.

முதலில், சிரித்தது உங்கள் ஹாஸ்டல் மட்டுமில்லை. அந்தப் படத்தைப் பார்த்து ரொம்பச் சிரித்தவர்கள் சீனாக்காரர்கள்தான். 2000 மே மாதம் கான் விழாவில் திரையிட்டபோது வெள்ளைக்காரர்கள் கொண்டாடினார்கள். சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலரில் எடுத்த படம் அமெரிக்காவில் மட்டும் 12 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்தது. ஆங்கிலம் அல்லாத படம் ஒன்று அங்கே 10 கோடி டாலரைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. 2001இல் பத்து ஆஸ்கர் நியமனம், நாலு விருது: வெளிநாட்டு மொழிப் படம், ஒளிப்பதிவு, கலை, இசை. ஆனால் சீனத்துப் பெருநிலத்தில் படம் சோபிக்கவில்லை. வெளியீடு தள்ளிப்போய் அதற்குள் திருட்டு டிஸ்க் பரவியது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அவர்களுக்குப் பறப்பது புதுசில்லை. வாள் வீரன் கூரைமேல் ஓடுவதும் தண்ணீர்மேல் நடப்பதும் பாட்டன் காலத்துக் கதைகளிலேயே உண்டு. கிங் ஹூ என்ற இயக்குநர் 1971லேயே 'எ டச் ஆஃப் ஜென்' படத்தில் மூங்கில் காட்டுச் சண்டையை எடுத்துக் காட்டிவிட்டார். நம்ம ஆளிடம் வந்து, கண்ணகி என்று ஒருத்தி மதுரையை எரித்தாளாம் தெரியுமா என்று யாராவது வியந்து சொன்னால் எப்படி இருக்கும்?

அதோடு, படம் மெதுவாகப் போகிறது, ஆட்கள் சண்டையைவிடப் பெருமூச்சுதான் அதிகம் விடுகிறார்கள் என்றும் சொன்னார்கள். உன் குற்றச்சாட்டேதான். அதை நான் மறுக்க மாட்டேன். முதல் சண்டை வருவதற்கே கால் மணி நேரம் ஆகிறது.

ஆனால் அவர்களை எரிச்சல்படுத்திய இன்னொன்று இருக்கிறது. உங்களுக்கு அது காதில் விழுந்திருக்காது. பேச்சு. படம் மாண்டரின் சீனத்தில் இருக்கிறது. கதாநாயகன் சௌ யுன் ஃபாட் ஹாங்காங்காரர், கான்டனீஸ் பேசி வளர்ந்தவர். மாண்டரின் வசனம் வாயில் வராமல் படப்பிடிப்பின் முதல் நாள் மட்டும் 28 டேக் போனது என்று அவரே சொல்லியிருக்கிறார். மிஷெல் யோ மலேசியாவில், ஈப்போவில் பிறந்தவர். நம்ம ஆட்கள் ரப்பருக்குக் கப்பலேறிப் போனார்களே, அந்தப் பேராக் மாநிலத்து ஈப்போதான். அவருக்கு அப்போது மாண்டரின் பேச வராது. வசனத்தை ஒலி ஒலியாக உருப்போட்டுத்தான் நடித்தார். பாலைவனத்துக் கொள்ளைக்காரனாக வருகிற சாங் சென் தைவான்காரர், அவர் பேச்சில் தைவான் வாடை. ஆளுக்கொரு ஊர்ப் பேச்சாக நாலு பேர் சேர்ந்து சிங் பேரரசு காலத்துச் சீனத்தில் உலவினால் சீனாக்காரனுக்குச் சிரிப்பு வராதா? அந்தப் பெரிய வேஷங்களில் உச்சரிப்பில் குறை சொல்ல இடம் தராதவர் பெய்ஜிங்கில் பிறந்த சாங் ஸீயி ஒருத்திதான். அவளுக்கு அப்போது இருபது, இருபத்தொரு வயசு.

ஹாங்காங் படங்களில் வேறு ஆளை வைத்துக் குரல் கொடுப்பது சர்வ சாதாரணம். இயக்குநர் ஆங் லீ நினைத்திருந்தால் பெய்ஜிங் குரல் இரண்டை வாடகைக்குப் பிடித்து ஒட்டியிருக்கலாம். அவர் சௌவையும் யோவையும் சொந்தக் குரலிலேயே பேசவைத்தார்.

ஏன் என்று நானும் யோசித்ததுண்டு. ஆங் லீயே தைவானில் பிறந்தவர், 1954இல். பெற்றோர் பெருநிலத்திலிருந்து 1949இல் ஓடிவந்தவர்கள். அப்பா பள்ளித் தலைமையாசிரியர். மகனோ கல்லூரி நுழைவுத் தேர்வில் இரண்டு தடவை கோட்டைவிட்டவர். (தலைமையாசிரியர் பிள்ளைகள் அப்படித்தான். உன் மாமா வேலை பார்த்த பள்ளியிலேயே உதாரணம் காட்டுவேன், வேண்டாம்.) பிறகு அமெரிக்கா போய் சினிமா படித்து, படித்து முடித்தும் வேலையில்லாமல் மனைவி சம்பளத்தில் வருஷக்கணக்காக வீட்டில் சமைத்துப் போட்டவர். இந்தப் படத்தில் இருப்பது தன் கனவுச் சீனா, தைவானில் சிறுவனாக இருந்தபோது தான் கற்பனை செய்தது, நிஜத்தில் அப்படி ஒன்று இருந்திருக்கவே இருக்காது என்று சொன்னார் அவர்.

இதைப் படித்த அன்றைக்கு எனக்கு உன் பூட்டி ஞாபகம் வந்தாள். கங்காணியோடு கம்பம் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு மலையேறி வந்தவள் திரும்பிப் போகவே இல்லை. ஆனால் ராத்திரி லயத்து வாசலில் உட்கார்ந்து வைகையையும் வீரபாண்டித் திருவிழாவையும் அவள் சொல்லக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். மீதியை எம்.ஜி.ஆர். படங்கள் நிரப்பின. என் தமிழ்நாட்டில் எப்போதும் ஆற்றில் தண்ணீர் ஓடும், அரண்மனை இருக்கும், எல்லாரும் சுத்தமான வசனம் பேசுவார்கள். பெரியவனாகி மதுரைக்குப் போனால் வைகையில் மணலும் எருமையும் கிடந்தன. டீக்கடையில் வாயைத் திறந்ததும் "சாருக்கு ஊரு கேரளாவா?" என்றான். அந்த ஆற்றை எனக்கு யாராவது படமாக எடுக்கச் சொன்னால் தண்ணீர் ஓடுகிற ஆற்றைத்தான் எடுப்பேன். மதுரைக்காரன் சிரித்துக்கொள்ளட்டும்.

நான் அந்தப் படத்தை முதலில் எங்கே பார்த்தேன் என்று நீ கேட்கவே இல்லை. நம்ம லயத்தில்தான். நீ தொட்டிலில் கிடந்த காலம். தோட்டங்கள் பூட்டிக் கிடந்தன, கூலி இல்லை, பாதிப் பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த பையன்களுக்கு வண்டிப்பெரியாறு கடையிலிருந்து விசிடி வாடகைக்கு எடுத்துவந்து பார்ப்பது ஒன்றுதான் பொழுதுபோக்கு. டெக் வாடகைக்கு எடுத்த காலத்திலிருந்தே நம்ம லயத்துக்கு 'என்டர் த டிராகன்', '36த் சேம்பர்' எல்லாம் மனப்பாடம். வாளும் சீனாக்காரனும் அட்டையில் இருப்பதைப் பார்த்து அதே மாதிரி அடிதடி என்று நம்பி இதை எடுத்து வந்துவிட்டான் ஒருத்தன். பேச்சு சீனம், கீழே இங்கிலீஷ் எழுத்து. "வாத்தியாரே, படிச்சுச் சொல்லுங்க" என்று என்னை முன்னால் உட்காரவைத்தார்கள். ஆக, சௌ யுன் ஃபாட் அன்றைக்கு நம்ம பீர்மேட்டுத் தமிழில்தான் பேசினார், பாதி மலையாளத்தோடு. யாரும் குறை சொல்லவில்லை.

பையன்கள் அரை மணி நேரத்தில் நெளிய ஆரம்பித்தார்கள். மூங்கில் காட்டுக்கு மட்டும் எழுந்து நின்றார்கள். அந்த இடத்தில் ஈற்றை வெட்டிப் பிழைத்த ஒரு தாத்தா கடுமையான ஆட்சேபம் கிளப்பினார்: இத்தனை தடியான மூங்கில் அப்படி வளையாது, வளைந்தாலும் ஆளை வீசி எறியும். ரோப் கட்டி எடுத்தது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. (அன்ஜி என்ற ஊர் மூங்கில் காட்டில் நடிகர்களையே கிரேனில் தொங்கவிட்டு எடுத்திருக்கிறார்கள். கயிறுகளைக் கம்ப்யூட்டரில் அழித்தார்கள். சண்டை அமைத்த யூன் வோ பிங் அதற்கு முந்தின வருஷம் 'மேட்ரிக்ஸ்' படத்துக்கும் அமைத்தவர். அமெரிக்காக்காரன் பறப்பதை ஏற்றுக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம், கண்ணை அவர் முன்னமே பழக்கிவிட்டிருந்தார்.)

படத்தை விடாமல் பார்த்தவர்கள் பெண்கள். கொழுந்துக்குப் போய்த் தேய்ந்த விரல்களோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். லீ மூ பாயாக வரும் சௌவும் ஷூ லியனாக வரும் யோவும் ஒருத்தர் மேல் ஒருத்தர் ஆசையை வைத்துக்கொண்டு சொல்லாமலே டீ குடிப்பதைப் பார்த்து உன் அம்மா, "சொல்லித் தொலைங்களேன்டா, ஆயுசு போகுதுல்ல" என்றாள். வில்லி வந்தாளே, ஜேட் ஃபாக்ஸ் கிழவி, அவளை நீ எப்படிப் பார்த்தாய்? பெரும்பாலும் எல்லாரும் அவளை வெறும் சூனியக்காரியாகத்தான் பார்க்கிறார்கள். நம்ம லயத்தில் அப்படி நடக்கவில்லை. லீ மூ பாயின் குரு பெண்களுக்கு வித்தை சொல்லித்தர மாட்டார். அவள் அவரைக் கொன்று, சுவடியைத் திருடி வருகிறாள். ஆனால் அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படங்களை மட்டும் பார்த்துப் பழகுகிறாள். அவளிடம் படித்த பெரிய வீட்டுப் பெண் எழுத்தையும் படித்து, அதை அவளிடம் சொல்லாமல் மறைத்து, அவளையே மிஞ்சிவிடுகிறாள். இந்த இடத்தை நான் விளக்கிச் சொன்னதும், சம்பள ரிஜிஸ்டரில் ஆயுசு முழுக்கக் கைநாட்டு வைத்த ஒரு அம்மா, "எழுத்துத் தெரியாதவள ஏமாத்திப்புட்டாளே, அந்தச் சின்னவ" என்றார். அதற்கப்புறம் அங்கே இருந்த பெண்கள் எல்லாரும் வில்லி கட்சி. கிழவி சாகும்போது யாரும் கைதட்டவில்லை.

அந்தப் படத்தைப் பற்றி இங்கிலீஷில் வந்த விமர்சனங்கள் சிலவற்றை நான் பின்னால் தேடிப் படித்திருக்கிறேன். மூங்கில் பற்றி, இசை பற்றி, யோ யோ மாவின் செல்லோ பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. அந்த அம்மா சொன்ன ஒரு வரிக்கு ஈடாக எதுவும் என் கண்ணில் படவில்லை. அந்தக் கிழவியாக நடித்த செங் பெய் பெய் யார் தெரியுமா? 1966இல் கிங் ஹூ எடுத்த 'கம் டிரிங்க் வித் மீ' படத்தில் வாளேந்திய கதாநாயகி. பழைய சீனப் பட ரசிகர்களுக்கு அவர் வில்லியாக வந்து விஷம் வைப்பதைப் பார்க்க எப்படி இருந்திருக்கும்! 2024இல் காலமானார். அந்த 1966 படம் கிடைத்தால் பார். நடனம் மாதிரி சண்டை போடுவார், கால் பெரும்பாலும் தரையிலேயே இருக்கும். உன் ஹாஸ்டல் தோழிக்கும் பிடிக்கும்.

ஒரு படத்தை யார் எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. குமுளியில் சுற்றுலாக்காரர்களுக்கு ராத்திரி களரிப்பயிற்று காட்டுகிறார்கள் இல்லையா? வெள்ளைக்காரன் நெருப்பு வளையத்தைப் பார்த்து வாய் பிளக்கிறான், வெளியே ஜீப்பில் காத்திருக்கிற டிரைவர் செல்போனில் சினிமா பார்க்கிறான். அந்த டிரைவரையே 1989இல் வந்த 'ஒரு வடக்கன் வீரகாதா' டிவியில் ஓடினால் எழுப்ப முடியாது. அதிலும் களரிதான். ஆனால் வடக்கன் பாட்டில் துரோகி என்று கேட்டு வளர்ந்த சந்துவை எம்.டி. வாசுதேவன் நாயர் நல்லவனாக்கி எழுதி மம்மூட்டியிடம் கொடுத்தார். கதை தெரிந்தவனுக்குத்தான் அந்தத் திருப்பம் உறைக்கும். வெள்ளைக்காரனுக்கு அது வெறும் வாள்சண்டைப் படம்.

நம்ம ஆட்களுக்கும் ஒரு கோளாறு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2011 தீபாவளிக்கு '7ஆம் அறிவு' வந்தபோது என் மாணவர்கள் பூரித்துப் போய் வந்தார்கள். போதிதர்மர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர், குங்ஃபூ நாம் சொல்லிக்கொடுத்தது என்று. சூர்யா நன்றாகத்தான் செய்திருந்தார். ஆனால் போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு, ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அவரைப் பாரசீகத்துக்காரர் என்கிறது. தென்னிந்தியர் என்று சொல்கிறவை வேறு குறிப்புகள். ஷாவ்லின் சண்டைக் கலையோடு அவர் பெயரைச் சேர்த்தது அதற்கும் ஆயிரம் வருஷத்துக்கு அப்புறம், பதினேழாம் நூற்றாண்டில் வந்த ஒரு சுவடி. இதை வகுப்பில் சொன்னதற்கு ஒரு பையன் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. சௌ யுன் ஃபாட்டின் உச்சரிப்பைப் பார்த்துச் சீனாக்காரன் முகம் சுளித்ததும் இந்தப் பையன் முறைத்துக்கொண்டதும் எனக்கு ஒன்றாகவே படுகிறது. படத்திடம் பூர்வீகத்துக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

நீ கேட்ட 'ஹீரோ'வையும் பார்த்துவிட்டேன். சாங் யீமோ 2002இல் எடுத்தது, ஜெட் லீ நடித்தது. அது நேர் எதிர். சீனாவில் வசூலைக் குவித்தது. அமெரிக்காவுக்கு இரண்டு வருஷம் தாமதமாகப் போயும் முதல் வாரம் முதல் இடம் பிடித்தது. சிவப்பு, நீலம், வெள்ளை என்று ஒவ்வொரு கதைக்கும் ஒரு நிறம்; கண்ணை எடுக்க முடியாது. ஆனால் ராஜாவைக் கொல்லப் போனவன், எல்லா நாடும் ஒன்றாகட்டும் என்று வாளைத் தாழ்த்திவிட்டுச் சாகிறானே, அந்த முடிவு அதிகாரத்துக்குச் சாமரம் வீசுகிறது என்று பல பேர் சண்டைக்கு வந்தார்கள். நானும் அவர்கள் பக்கம். 1956இல் மாநில எல்லைக் கோடு போட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் எந்தப் பக்கம் என்று மேலே இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். பெரிய வரைபடத்தின் நன்மைக்காகச் சின்ன ஆள் சாவது அழகு என்று எவ்வளவு நல்ல நிறத்தில் காட்டினாலும் எனக்கு இறங்காது.

இப்போது உன் ஹாஸ்டலுக்கு வருகிறேன். உன் பேச்சைக் கேட்டு அவர்கள் சிரிக்கிறார்கள். இங்கே நாம் 'பாண்டி', அங்கே போனால் 'சேச்சி'. கோட்டயம் பஸ்ஸில் எனக்கும் நடந்திருக்கிறது, மதுரை பஸ்ஸிலும் நடந்திருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசி. நாவலப்பிட்டியில் பிறந்து, பாலக்காட்டு வடவன்னூர்க் குடும்பத்துப் பிள்ளையாக இருந்த ஒருத்தர்தான் தமிழ்ப் பட உலகத்தில் வாளேந்திய மகாராஜா. 1967 ஜனவரியில் தொண்டையில் குண்டு பட்ட பிறகு எம்.ஜி.ஆர். குரலே மாறிப்போனது. 'காவல்காரன்' படத்தில் அந்தக் குழறலைக் கேட்டார்கள் ஜனங்கள். யாராவது எழுந்து போனார்களா? முன்னைவிட அதிகமாகத்தான் கும்பிட்டார்கள். டப்பிங் வைக்கச் சொல்லி ஒரு ரசிகனும் கேட்கவில்லை.

மலேசியாவில் பிறந்து வசனத்தை உருப்போட்ட அந்த அம்மாள் அந்தப் படத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்து, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, திரும்பி வந்து நடித்தார். 2023இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கரையும் வாங்கிவிட்டார், வேறு படத்துக்கு. உன் தோழிகளில் யாருக்காவது மாண்டரின் தெரிந்திருந்தால் அவர் பேச்சையும் கேலி செய்திருப்பார்கள். தெரியாததால் பறப்பதைக் கேலி செய்தார்கள், அவ்வளவுதான்.

ஆங் லீ நம்ம ஜில்லாவுக்கே வந்தார், தெரியுமில்லையா? 'லைஃப் ஆஃப் பை' படத்துக்காகப் பாண்டிச்சேரியிலும் நம்ம மூணாறிலும் எடுத்தார்கள். 2012 கடைசியில் படம் வந்தது, தமிழிலும் பேசவைத்து. சின்னப் பையன் பை தேயிலைத் தோட்டத்து நடுவே இறங்கிச் சர்ச்சுக்குள் போய்ப் பாதிரியாரைப் பார்க்கிறானே, அந்தக் காட்சிக்கு நம்ம ஆட்கள் கடலையும் புலியையும் மறந்து கத்தினார்கள். செடி சரியாகக் கவாத்து செய்திருக்கிறதா என்று விவாதம் வேறு. பாம்பே ஜெயஸ்ரீ பாடிய தமிழ்த் தாலாட்டு ஆஸ்கர் நியமனம் வரை போனது. அந்தப் பாட்டின் வரிகள் இரயிம்மன் தம்பியின் மலையாளத் தாலாட்டிலிருந்து வந்தவை என்று கேரளத்தில் வழக்குக் கிளம்பியது, அவர் மறுத்தார். தமிழா மலையாளமா என்ற நம்ம வீட்டுப் பஞ்சாயத்து அங்கேயும் போய் நின்றதைப் பார்த்து உன் அம்மாவும் நானும் சிரித்தோம்.

அவர்களோடு இன்னொரு தடவை அந்தப் படத்தைப் போட்டுப் பார், இங்கிலீஷ் எழுத்தை அணைத்துவிட்டு நீ கதை சொல். உன் பேச்சிலேயே சொல். ஜேட் ஃபாக்ஸ் இடம் வந்ததும் அவர்கள் யார் பக்கம் என்று எனக்கு எழுது.

உன் பையில் வைத்துவிட்ட ஏலக்காய் தீர்ந்திருந்தால் சொல், குமுளியில் விலை இறங்கியிருக்கிறது. அம்மா ஓணத்துக்கு வருவாயா என்று கேட்கிறாள். சனிக்கிழமை ராத்திரி வண்டிக்கு இப்போதே டிக்கெட் போட்டுவிடு, கடைசி நேரத்தில் தேனியில் இறங்கிக்கொண்டு என்னைக் கூப்பிடாதே.

அன்புடன்,
மாமா